அம்பாசடர் மார்க் 4: ஐடிலில் துடிப்பு, டாப் கியரில் உலுக்கல். எதை மாத்தியும் தீரல

காரைக்குடி மார்க்4:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1986 மாடல் அம்பாசடர் மார்க் 4. பெட்ரோல், 1489 சிசி, ஒத்தை எஸ்.யூ. கார்புரேட்டர். அப்பா காலத்து வண்டி, தினமும் எடுக்கிறதில்ல. ஞாயித்துக்கிழமை தேவகோட்டை, திருப்பத்தூர், எப்பவாவது திருச்சி வரைக்கும் போயிட்டு வர்றதோட சரி.

ரெண்டு தொல்லை. எஞ்சின் சூடான பிறகு ஐடில் (ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காம எஞ்சின் ஓடுற ஓட்டம்) நிக்க மாட்டேங்குது. பானட்டே துடிக்குது, ஸ்டீயரிங்ல இருக்கிற கியர் ராடு கிடுகிடுன்னு ஆடுது. ரயில்வே கேட்டுல நின்னா ரேஸ் கொடுத்துக்கிட்டே இருக்கணும், காலை எடுத்தா ஆஃப். ஐடில் ஸ்குரூவை ஏத்தி வச்சா நிக்குது, ஆனா நின்ன இடத்துலயே ஊரைக் கூட்டுற மாதிரி இரையுது.

அடுத்தது, டாப் கியர்ல 50லேருந்து 60க்குள்ள சமதரையில ஒரே சீரா போகும்போது வண்டி முன்னும் பின்னும் உலுக்குது. நல்லா மிதிச்சா உடனே போயிடுது. பாலம் ஏறும்போது இல்லவே இல்ல. காலை லேசா வச்சு ஓட்டும்போதுதான் இந்தக் கூத்து.

இதுவரை மாத்தினது: பிளக், பிளக் ஒயர், காயில், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், டிஸ்டிரிபியூட்டர் மூடி, பெட்ரோல் ஃபில்டர். டேங்க்கை இறக்கிக் கழுவியாச்சு. கார்புரேட்டரை ரெண்டு மெக்கானிக் பிரிச்சு மாட்டிட்டாங்க. ஒருத்தர் ஐடில் ஜெட்டுல அடைப்புன்னார். இன்னொருத்தர் எஞ்சினை இறக்கி சிலிண்டரைக் குடைஞ்சு போர் பண்ணிடலாம்கிறார். இறக்கறதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்.

கொங்கு டீசல்:

இதுக்கு யோசிக்கவே வேண்டாமுங்க. இ20 பெட்ரோல்தான். சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காத்து வேணும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். நூத்துக்கு இருபது கலந்தா கணக்கு 13.5 கிட்ட வந்து நிக்குது. உங்க கார்புரேட்டர் அந்தக் காலத்து பெட்ரோலுக்கு அளந்து வச்சது. அதே ஊசி, அதே ஜெட், உள்ள போற காத்தும் அதே. அப்ப மிக்சர் மெலிஞ்சு போச்சுன்னுதானுங்க அர்த்தம். மெலிஞ்ச மிக்சர் சீரான வேகத்துல உலுக்கத்தான் செய்யும். ஜெட் நட்டை ரெண்டு முகம் (நட்டோட ஒரு பக்கம் ஒரு முகமுங்க) கீழ இறக்கி விடுங்க, சரியாயிரும்.

இல்லீன்னா ஒரு டீசல் எஞ்சினைத் தூக்கி வச்சுருங்க. நிம்மதி.

வைகைக்கரை:

டீசல்காரருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் 😀

நண்பா, எனக்கு வேபர் லாக் சந்தேகம். இந்த வண்டியில பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கு. வெயில்ல பம்புலயே பெட்ரோல் ஆவியாகி குழாய்க்குள்ள குமிழி விழுந்துடும். முன்னெல்லாம் சித்திரை மாசம் ரோட்டோரம் அம்பாசடரை நிறுத்தி பம்புக்கு மேல ஈரத்துணி போட்டு உக்காந்திருப்பாங்க, பார்த்திருப்பீங்க. டேங்க் மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சிருந்தாலும் இதே தொல்லைதான். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வச்சு ஓட்டிப் பாருங்க.

காரைக்குடி மார்க்4:

மூடியைத் தளர்த்தி ஓட்டிட்டேன் பாஸ், மாற்றமில்ல. வெயிலுக்கும் சம்பந்தம் தெரியல. மார்கழியில விடிகாலை ஆறு மணிக்கு பிள்ளையார்பட்டி போனப்பவும் உலுக்கிச்சு. இ20 விஷயம்: உலுக்கல் ஆரம்பிச்சு நாலஞ்சு வருஷம் இருக்கும், ரொம்ப லேசா. இப்பதான் தாங்க முடியல.

அரையிஞ்சு ஸ்பேனர்:

தம்பி, முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவில் ஒரே ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். "நல்லா மிதிச்சா உடனே போயிடுது." இதை வைத்தே பாதி வேலையைக் கழித்துவிடலாம்.

பெட்ரோல் போதாமல் உலுக்குகிற வண்டி மிதித்தால் இன்னும் மோசமாகும். ஏனென்றால் மிதிக்கும்போதுதான் அதற்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். வேபர் லாக், ஃபில்டர் அடைப்பு, டேங்க் துரு, பம்பு டயஃப்ரம், எல்லாம் இந்த வகை. பலவீனமான காயிலும் அப்படித்தான், லோடு ஏறினால் தெரிந்துவிடும். உங்கள் வண்டி பாலத்தில் ஒழுங்காக ஏறுகிறது. ஆகவே நீங்கள் மாற்றிய சாமான்களில் முக்கால்வாசி மாற்றியிருக்கவே வேண்டாம். போனது போகட்டும்.

எஸ்.யூ.வில் ஐடில் ஜெட் என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது. ஒரே ஜெட், ஒரே ஊசி. காற்று எவ்வளவு போகிறதோ அதற்கேற்றபடி கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மேலே ஏறும், ஊசி கூடவே ஏறும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். அடைப்பு என்று சொன்னவர் வேறு வண்டியின் கார்புரேட்டரை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்.

காசு செலவில்லாமல் மூன்று சோதனை சொல்கிறேன். செய்துவிட்டு எழுதுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் விட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால் ஒவ்வொரு பிளக் மூடியாகக் கழற்றி உடனே மாட்டுங்கள். எதைக் கழற்றினால் சத்தம் இறங்குகிறது, எதைக் கழற்றினாலும் வித்தியாசமே இல்லை என்று பாருங்கள். பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு செய்யவும்.

அடுத்து, அதே ஐடிலில் சோக்கை (மிக்சரில் பெட்ரோலைக் கூட்டும் இழுப்பு) அரை அங்குலம் இழுங்கள். துடிப்பு கூடுகிறதா, அடங்குகிறதா?

கடைசியாக, ரோட்டில் உலுக்கும்போதே சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஓட்டுங்கள். உலுக்கல் நிற்கிறதா?

கொங்கு டீசல்:

மூணாவது சோதனையில உலுக்கல் நிக்கும் பாருங்க. நின்னா எனக்கு ஒரு டீ.

காரைக்குடி மார்க்4:

ஐயா, மூணும் செஞ்சாச்சு.

நாலு பிளக்குமே எதைக் கழட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு இறங்குது. தனியா எதுவும் செத்துப் போகல. ஐடில்ல சோக்கை இழுத்தா அடங்கி, கியர் ராடு ஆட்டம்கூட நின்னுடுச்சு. ஆனா ரோட்டுல சோக் இழுத்தும் உலுக்கல் அப்படியேதான் இருக்கு. பெட்ரோல் வாடைதான் வந்துச்சு. வீட்டம்மா பின் சீட்டுலேருந்து திட்டினாங்க.

கொங்கு அண்ணே, டீ கேன்சல்.

அரையிஞ்சு ஸ்பேனர்:

அருமை. இப்போது விஷயம் தெளிவாகிறது. உங்களுக்கு ஒரு கோளாறு அல்ல, இரண்டு. இரண்டுக்கும் ஒரே காரணம் தேடியதால்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஐடிலை முதலில் பார்ப்போம். சோக்கை இழுத்தால் அடங்குகிறது என்றால் அங்கே மிக்சர் மெலிந்திருக்கிறது. ஐடிலில் த்ராட்டில் தட்டு (மிதிக்கு ஏற்பக் காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு) ஏறக்குறைய மூடிக்கிடக்கும், உள்ளே இழுவை உச்சத்தில் இருக்கும். அப்போது ஊசிமுனை அளவு சந்து இருந்தாலும் அது வழியாகப் போகும் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல. தட்டு திறந்துவிட்டால் நேர்வழியில் வரும் காற்று பல மடங்கு அதிகம், திருட்டுக் காற்று கணக்கிலேயே வராது. அதனால்தான் ரேஸ் கொடுத்தால் சரியாகிறது.

எங்கே சந்து? இதற்கு இந்த எஞ்சினின் அமைப்பே விடை சொல்லும். நாலு சிலிண்டருக்கு இன்லெட் வழி இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வழியைப் பங்கு போட்டுக்கொள்ளும், மூன்றும் நான்கும் இன்னொன்றை. மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு என்றால் ஒரு ஜோடி மட்டும் சோர்ந்திருக்கும். உங்களுக்கு நாலும் சமமாக இருக்கிறது. அப்படியென்றால் காற்று இரண்டாகப் பிரிவதற்கு முன்பே கலந்துவிடுகிறது. கார்புரேட்டர் அடிக் கேஸ்கட், அல்லது த்ராட்டில் தட்டைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டில். இந்த வயது எஸ்.யூ.வில் பத்துக்கு எட்டு ஸ்பிண்டில்தான். ஆக்சிலரேட்டர் லிவரை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுற்றக் கூடாது, ஆட்டணும். கடகட என்று ஆடினால் அதுதான்.

உறுதிப்படுத்த, ஸ்பிண்டில் வெளியே வரும் இரண்டு பக்கமும் கெட்டி கிரீஸை விரலால் அப்பி எஞ்சினை ஓடவிடுங்கள். கிரீஸ் உள்ளே இழுபடும் வரை கொஞ்ச நேரம் ஐடில் மாறும். கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்கு நேர் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. சூட்டில் ஸ்பிரே அடித்தால் தீ. வேண்டவே வேண்டாம்.

ரோட்டு உலுக்கலுக்கு சோக் உதவவில்லை. ஆகவே அது பெட்ரோல் பக்கம் இல்லை. கரண்ட் பக்கம். அதற்கு அடுத்து வருகிறேன், கண் வலிக்கிறது.

யாழ் ஒக்ஸ்போட்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில நிக்கிறது மொறிஸ் ஒக்ஸ்போட் சீரிஸ் 3. உங்கட அம்பாசடருக்கு மூலமே அந்தக் கார்தான், எஞ்சினும் அதே 1489 சிசி. அதால இந்தக் கதை எனக்கு நல்லாத் தெரியும்.

ஐயா சொன்ன ஸ்பிண்டில் கதை நூற்றுக்கு நூறு சரி. எங்கட கார்ல அது ஓவல் வடிவத்துக்குத் தேய்ஞ்சிருந்தது. யுத்த காலத்தில பெட்ரோல் வராமல் இஞ்ச எல்லா வாகனமும் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஸ்டார்ட் பண்ணுறதுக்கு மட்டும் கார்பரேட்டருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெட்ரோல் விடுறது. அந்தப் புகையையும் நாற்றத்தையும் தாங்கின எஞ்சின், இ20ஐயும் தாங்கும் எண்டு நினைக்கிறன்.

உலுக்கலுக்கு ஒரு சோதனை. டிஸ்டிரிபியூட்டர்ல ஒரு வட்டமான டப்பி இருக்கும், அதுக்கு கார்பரேட்டரில இருந்து ஒரு சின்னக் குழாய் வரும். வெக்கூம் அட்வான்ஸ். அந்தக் குழாயை டிஸ்டிரிபியூட்டர் பக்கம் கழட்டி, குழாயின்ர வாயை இறுக்கி அடைச்சுப்போட்டு அதே ரோட்டில ஓடிப் பாருங்கோ. உலுக்கல் இல்லாமப் போனா பிறகு கதைப்பம்.

காரைக்குடி மார்க்4:

கிரீஸ் சோதனை: லிவரை ஆட்டினாலே கடகடங்குது. கிரீஸ் அப்பினதும் ஐடில் சத்தமே மாறிடுச்சு. ஏத்தி வச்சிருந்த ஸ்குரூவைப் பாதி இறக்க முடிஞ்சது. ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு பழைய குருடி கதவைத் திறடி.

யாழ்ப்பாணத்து அண்ணனுக்குக் கோடி நன்றி. குழாயைக் கழட்டி, ஒரு ஸ்குரூவைச் சொருகி டேப் சுத்தி திருப்பத்தூர் ரோட்டுல ஓட்டினேன். உலுக்கல் சுத்தமா இல்ல! 50ல, 55ல, 60ல, எதுலயும் இல்ல. ஆனா வண்டி கொஞ்சம் மந்தமா இருக்கு.

அப்ப அந்த வெக்கூம் டப்பி போச்சா? புதுசு ஆர்டர் போடவா?

சென்னை கிளாசிக்:

எதுக்கு ப்ரோ ஆர்டர்? அப்படியே கழட்டி விட்டுட்டு ஓட்டுங்க. நான் பார்த்த பாதி அம்பாசடர்ல அந்தக் குழாயே இருக்காது, மெக்கானிக்குங்களே பிடுங்கிப் போட்டிருப்பாங்க. எனக்கு அது இல்லாம பத்து வருஷம் ஓடுது.

அரையிஞ்சு ஸ்பேனர்:

சென்னைத் தம்பி, ஓடும். யார் ஓடாது என்றது? பெட்ரோலைக் கூடக் குடித்துக்கொண்டு, சூடாகிக்கொண்டு ஓடும்.

லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் சரக்கு குறைவு, நெருக்கமும் குறைவு. அது மெதுவாக எரியும். மெதுவாக எரிவதை முன்கூட்டியே பற்றவைத்தால்தான் பிஸ்டன் கீழே இறங்கும்போது முழுத் தள்ளும் கிடைக்கும். டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் எடைக்கட்டிகள் வேகத்தைப் பார்த்து ஸ்பார்க்கை முன்னால் கொண்டுபோகும். ஆனால் மிதி லேசா அழுத்தமா என்பது அவற்றுக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் அந்தக் குழாய். நம் பயணத்தில் பெரும்பகுதி லேசான மிதியில்தான். அந்த நேரத்தில் ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் நெருப்பு எக்ஸாஸ்டில் போய் எரியும். காரைக்குடித் தம்பி மந்தம் என்று சொல்கிறாரே, அது இதுதான். மெக்கானிக்குகள் பிடுங்கிப் போடுவது, கோளாறைத் தேட நேரமில்லாததால்.

இனி முக்கியமானது. குழாயைக் கழற்றினால் உலுக்கல் போகிறது என்பதற்காக டப்பியைக் குற்றம் சொல்லக் கூடாது. டப்பி கிழிந்திருந்தால் அது வேலையே செய்யாது. வேலை செய்யாத டப்பியைக் கழற்றுவதால் என்ன மாறப்போகிறது? டப்பி வேலை செய்கிறது, பாயிண்ட் (காயிலின் கரண்டை வெட்டிவிடும் சுவிட்ச்) உட்கார்ந்திருக்கும் தட்டை இழுத்துத் திருப்புகிறது. தட்டு திரும்பும்போது வேறு ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. ஐடிலில் அந்தக் குழாயில் இழுவை கிடையாது, ஏனென்றால் அதன் வாய் த்ராட்டில் தட்டுக்கு வெளிப்புறம் இருக்கிறது. முழு மிதியிலும் இழுவை இருக்காது. இடைப்பட்ட லேசான மிதியில்தான் பாயிண்ட் தட்டு திரும்பும். உங்கள் உலுக்கல் வரும் இடமும் அதுவேதான்.

தட்டோடு சேர்ந்து ஆடும் ஒயர்கள் இரண்டு. வெளி டெர்மினலிலிருந்து பாயிண்டுக்கு வரும் ஒயர் ஒன்று. தட்டை டிஸ்டிரிபியூட்டர் உடலோடு இணைக்கும் குட்டி எர்த் ஒயர் ஒன்று. இவை வருஷக்கணக்காக மடிந்து மடிந்து உள்ளே இழைகள் அறுந்துபோகும். வெளியே உறை நன்றாகவே இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. பாயிண்ட் புதுசு, கண்டன்சர் புதுசு, ஆனால் அந்த எர்த் ஒயரை யாரும் மாற்றுவதில்லை. செட்டில் வருவதில்லை.

சோதிக்கும் முறை: சாவியை அணைத்து, காயிலிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மூடியை எடுத்து, பாயிண்ட் மூடிய நிலைக்கு எஞ்சினைத் திருப்புங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு முள் வெளி டெர்மினலில், இன்னொன்று டிஸ்டிரிபியூட்டர் உடலில். ஏறக்குறைய பூஜ்யம் காட்டணும். இப்போது டப்பியில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி வாயால் உறிஞ்சுங்கள். தட்டு திரும்பும். மீட்டரில் எண் துள்ளுகிறதா பாருங்கள். உறிஞ்சிய பிறகு நாக்கால் குழாயை அடைத்தால் தட்டு அப்படியே நிற்கணும், நின்றால் டப்பி நல்ல டப்பி.

வைகைக்கரை:

ஐயா, இதுக்கு ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிங்க. சத்தியமா.

காரைக்குடி மார்க்4:

மீட்டர் பிடிக்கத் தம்பி மகனை வச்சுக்கிட்டேன், உறிஞ்சினது நான். முதல்ல 0.3ன்னு காட்டுச்சு, மீட்டர் முள்ளு ரெண்டையும் சேர்த்து வச்சாலே அவ்வளவு காட்டுது. அதனால சரிதான். உறிஞ்ச உறிஞ்ச 2, 9, 40ன்னு ஏறி ஒரு இடத்துல ஒண்ணுமே இல்லாமப் போயிடுச்சு. விட்டா திரும்ப 0.3. பையன் "பெரியப்பா, இன்னொரு தடவை"ன்னு விளையாட்டா ஆக்கிட்டான்.

நாக்கால அடைச்சா தட்டு நகராம நிக்குது. டப்பி நல்ல டப்பி.

எர்த் ஒயரைக் கழட்டிப் பார்த்தேன். துணி சுத்தின ஒயர், வெளிய சும்மா கறுத்திருந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டு நுனியையும் பிடிச்சு இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது! துணியைப் பிரிச்சா உள்ள ஒரு இழைகூட முழுசா இல்ல. எல்லாம் பச்சைப் பொடி.

ஒரு சந்தேகம். முழுசா அறுந்திருந்தா வண்டி நின்னுல்ல போயிருக்கணும்?

அரையிஞ்சு ஸ்பேனர்:

தட்டு உட்கார்ந்து உரசும் இடம் வழியாகக் கொஞ்சம் எர்த் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். அங்கே எண்ணெய்ப் பசையும் தூசியும். ஒரு கோணத்தில் தொடும், அடுத்த கோணத்தில் விடும். அதனால்தான் நிற்காமல், உலுக்கலோடு ஓடியது. தேய்மானம் கூடக் கூட உலுக்கலும் கூடியது.

கொங்கு டீசல்:

ஒரு ஒயர்தானுங்களே, வீட்டு ஒயரிங் துண்டு ஒண்ணை வெட்டி மாட்டுங்க. பத்து ரூவா வேலை.

யாழ் ஒக்ஸ்போட்:

வேண்டாம் அண்ணை. வீட்டு வயரில இழை தடிப்பு, கொஞ்ச நாளிலேயே முறிஞ்சு போகும். அதோட விறைப்பா இருந்தா தட்டைத் திரும்ப விடாது. மல்டிமீற்றரின்ர முள்ளுக்கு வாற வயர் இருக்குதெல்லோ, சிலிக்கன் உறை போட்டது, உள்ள தலைமயிரைவிட மெல்லிய இழையள் நிறைய. அதில ஒரு துண்டு வெட்டி, ரெண்டு பக்கமும் லக் வச்சு ஈயம் பத்துங்கோ. ஈயம் வயருக்குள்ள கனதூரம் ஏறக் கூடாது, ஏறின இடம் விறைச்சு அதிலயே முறியும். தட்டு முழுக்கத் திரும்பினாலும் இழுபடாத நீளம் வேணும், ரோட்டரிலயோ நடுவில சுத்துற கேமிலயோ உரஞ்சவும் கூடாது. மற்ற வயரையும் கையோட மாத்திவிடுங்கோ.

காரைக்குடி மார்க்4:

ரெண்டு ஒயரும் மாத்தியாச்சு. குழாயை மாட்டி ஓட்டியாச்சு. திருச்சி பைபாஸ்ல 60ல காலை லேசா வச்சா, வண்டி சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது. மந்தமும் இல்ல. அப்பா ஓட்டும்போது இப்படித்தான் இருந்திருக்கணும்.

இனி ஸ்பிண்டில். இங்க லேத் பட்டறை ஒண்ணு இருக்கு, கார்புரேட்டரைக் காமிச்சேன், பண்ணித் தர்றேங்கிறார். என்ன சொல்லணும்?

அரையிஞ்சு ஸ்பேனர்:

முதலில் புது ஸ்பிண்டில் மட்டும் போட்டுப் பாருங்கள், சில சமயம் தேய்ந்தது அது மட்டுமாக இருக்கும். ஆட்டம் போகவில்லை என்றால் உடலின் துளையும் தேய்ந்திருக்கிறது, புஷ் போடத்தான் வேண்டும்.

லேத்காரரிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது: இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில், ஒரே பிடியில் குடையணும். ஒரு பக்கம் குடைந்து, திருப்பி வைத்து மறுபக்கம் குடைந்தால் மயிரிழை விலகினாலும் த்ராட்டில் சிக்கும். சிக்கிய த்ராட்டிலோடு ரோட்டில் போவது உயிரோடு விளையாடுவது. வெண்கல புஷ் போதும். புஷ்ஷின் நுனி உள்ளே காற்று போகும் குழலுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

மாட்டுவதை நீங்களே செய்யுங்கள். த்ராட்டில் தட்டு ஸ்பிண்டிலில் இரண்டு குட்டி ஸ்குரூவில் நிற்கும். கழற்றும் முன் தட்டு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கீறி அடையாளம் வையுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்குரூவை முதலில் தளர்வாக விட்டு, த்ராட்டிலைப் பட்டென்று இரண்டு மூன்று தரம் மூடித் திறங்கள். தட்டு தானே நடுவுக்கு வந்து உட்காரும். அப்புறம் இறுக்குங்கள். ஸ்குரூவின் வால் பிளந்திருக்கும், அதை விரித்துவிட மறக்கக் கூடாது. அந்த ஸ்குரூ கழன்றால் போகிற இடம் நேரே எஞ்சினுக்குள்.

வைகைக்கரை:

அந்த போர் பண்ற விஷயம் என்னாச்சு? கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பார்த்தீங்களா? சூடான எஞ்சின்ல நாலு பிளக்கையும் கழட்டி, காயில் ஒயரை எடுத்துட்டு, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு ஸ்டார்ட்டர் அடிக்கணும். மிதிக்காம அடிச்சா காத்தே போகாது, பொய்க்கணக்கு வரும். அதைக் காட்டித்தான் சில பேர் போர் பண்ணச் சொல்றாங்க.

காரைக்குடி மார்க்4:

பார்த்தாச்சு. 120, 125, 120, 115. நாலாவதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு அடிச்சாலும் ஏறல.

அரையிஞ்சு ஸ்பேனர்:

நல்ல எஞ்சின். இறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் நாலாவதில் ரிங் அல்ல, வால்வு பக்கம் சின்னக் குறை. டேப்பட் இறுக்கமாக இருக்கலாம்.

கார்புரேட்டரைத் தொடும் முன் டேப்பட் (வால்வு இடைவெளி) வையுங்கள். 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), மில்லிமீட்டரில் 0.38, சூட்டில். எந்த வால்வை எப்போது வைப்பது என்று குழம்ப வேண்டாம், ஒன்பது கணக்கு போதும். எட்டு வால்வில் எது முழுதாகத் திறந்து நிற்கிறதோ அந்த எண்ணை ஒன்பதில் கழியுங்கள். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை வைக்கலாம். எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவதை. பிறகு பாயிண்ட் இடைவெளி, 14லிருந்து 16 தௌ. அப்புறம் டைமிங். எல்லாம் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர். பெரும்பாலான இடத்தில் தலைகீழாகச் செய்கிறார்கள், கார்புரேட்டரில் ஆரம்பித்து அங்கேயே நிற்கிறார்கள்.

எஸ்.யூ.வில்: மேல் கிண்ணத்தையும் பிஸ்டனையும் பெட்ரோலில் துடைத்தால் போதும், எமரிச் சீட் படவே கூடாது. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் டொக்கென்று அடியில் விழும் சத்தம் கேட்கணும். டாஷ்பாட்டில் (மேல் கிண்ணத்தின் நடுக்குழல்) ஆயில் ஊற்றி மூடியை இறக்கும்போது, மரை பிடிப்பதற்குச் சற்று முன்பே விரலுக்குப் பிடிப்பு தெரியணும். தெரியாவிட்டால் ஆயில் குறைவு, பட்டென்று மிதிக்கும்போது திக்கும்.

மிக்சருக்கு, அடியில் இருக்கும் சிறு பின்னால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர்கூட வராத அளவு, மெல்லத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் மிக்சர் கெட்டி. உடனே விழுந்தால் மெலிசு. லேசாகக் கூடிப் பழையபடி வந்தால் சரி. நட்டை மேலே ஏற்றினால் மெலியும், கீழே இறக்கினால் கெட்டியாகும். ஒரு தடவைக்கு ஒரு முகம், அதற்கு மேல் வேண்டாம்.

காரைக்குடி மார்க்4:

ஐயா, எல்லாம் முடிஞ்சது. நாலாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் டேப்பட் இறுக்கமாத்தான் இருந்துச்சு, 10 தௌகூட நுழையல. ஸ்பிண்டிலுக்குப் புஷ் போட்டு மாட்டியாச்சு. ஐடில் ஸ்குரூவை இறக்கி, இறக்கி, இப்ப எஞ்சின் ஓடுதான்னு ஆயில் லைட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இல்லாட்டி கொங்கு அண்ணன் கோவிச்சுக்குவார். ஸ்பிண்டில் கசிவை அடைச்ச பிறகும் பிஸ்டனைத் தூக்கினா உடனே விழுந்துச்சு. ஒரு முகம் இறக்கினேன், அப்பவும் மெலிசாவே இருந்துச்சு. ரெண்டாவது முகத்துல சரியாச்சு.

கொங்கு டீசல்:

ரெண்டு முகம்! முதல் நாளே சொன்னனுங்களா இல்லீங்களா? அந்த டீயை வாங்கிக் குடுங்க.

அரையிஞ்சு ஸ்பேனர்:

கொங்குத் தம்பிக்கு அரை டீ கொடுக்கலாம். முதல் நாளே இரண்டு முகம் இறக்கியிருந்தால் ஐடில் ஓரளவு அடங்கியிருக்கும், கசிவு உள்ளேயே இருந்திருக்கும், ஓட்டத்தில் மிக்சர் கெட்டியாகி மைலேஜ் போயிருக்கும். உலுக்கல் அப்படியே. ஆனால் இ20 மெலிவு உண்மைதான், மறுக்கவில்லை. அதோடு பம்பு டயஃப்ரம், ரப்பர் ஹோஸ் எல்லாம் பழையதாக இருந்தால் எத்தனாலில் ஊறி உப்பும். ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுப்பாகவோ கையில் கறுப்பாகவோ ஒட்டினால் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கை முக்காலாவது நிரப்பி வையுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் சேரும்.

பத்மினி பிரியன்:

நல்ல இழை. என்னோட பிரீமியர் பத்மினியிலயும் ஐடில் துடிப்பு இருக்கு. ஆனா ஒரே ஒரு சிலிண்டர் பிளக்கைக் கழட்டினா எந்த மாற்றமும் இல்ல. ஸ்பிண்டில்தானா?

அரையிஞ்சு ஸ்பேனர்:

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் ஸ்பிண்டில் இல்லை. அந்த பிளக்கையும் ஒயரையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே மாறினால் அவற்றில்தான் குறை. மாறாமல் அங்கேயே நின்றால் டேப்பட், பிறகு கம்ப்ரஷன். உங்களுடையது சோலெக்ஸ், அதில் ஐடிலுக்குத் தனி ஜெட் உண்டு, மேலே எஸ்.யூ.வுக்குச் சொன்னதை அப்படியே எடுக்க வேண்டாம். தனி இழை ஆரம்பித்து, எந்த வேகத்தில், எவ்வளவு மிதியில் என்ன செய்கிறது என்று முதலில் எழுதுங்கள். மாற்றிய சாமான் பட்டியல் அப்புறம்.